பிள்ளைக்குப் பேச்சு சொல்லிக் கொடுக்கும் முதல் வாத்தியார் தாய்தான்



தோட்டத்து மருந்தகத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. இரண்டரை வயது, மூன்று வயதுப் பிள்ளையை இருமலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ தூக்கி வருவார்கள். "பேரு என்னப்பா?" என்று கேட்டால் பிள்ளை வாய் திறக்காது. பக்கத்தில் நிற்கும் பாட்டி முந்திக்கொண்டு பதில் சொல்வார்: "இன்னும் பேச்சு வரல டிரஸர் ஐயா. அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசுனான். தானா வந்துடும்."

சில பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடுவது உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளைக்கு வரும், எந்தப் பிள்ளைக்கு வராது என்று பாட்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காதைச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சோதிக்காமல் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளைக்கு நஷ்டம். மனித மூளை மொழியைப் பிடித்துக்கொள்வதில் மிகவும் சுறுசுறுப்பாக இருப்பது பிறந்த முதல் சில ஆண்டுகளில்தான். அந்த நேரத்தில் காதில் ஒன்றும் விழாமலும், கண்ணுக்குச் சைகையாகவும் ஒன்றும் கிடைக்காமலும் போனால், பிறகு எவ்வளவு பாடுபட்டாலும் முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. 'ஊமை' என்று பெயர் சூட்டி, பள்ளிக்கும் அனுப்பாமல், லயத்து வாசலிலேயே உட்கார வைத்து வளர்ந்த பிள்ளைகளை நம் தலைமுறையில் நாமே பார்த்திருக்கிறோம். அவர்களில் பலருக்கு நாக்கில் குறை இல்லை. காதில்தான் குறை இருந்தது. அதை யாரும் சோதிக்கவில்லை.

ஆகவே இந்த இதழின் பாடம் பிள்ளைகளின் பேச்சைப் பற்றியது. முதலில் ஒரு தாயின் வாழ்க்கையைச் சொல்கிறேன். பிறகு நாம் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

லூயிஸ் டிரேசி என்ற தாய்

இந்த அம்மாள் டாக்டர் அல்ல. பேச்சுப் பயிற்சியில் பட்டம் வாங்கியவரும் அல்ல. 1896-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த நியூ காசில் என்ற ஊரில் பிறந்தவர். நாடகத்தில் நடித்துப் பிழைத்தவர். 1923-இல் தம்மோடு நடித்த ஸ்பென்சர் டிரேசி என்பவரை மணந்தார். அந்த ஸ்பென்சர் டிரேசி பிற்காலத்தில் ஹாலிவுட்டில் பெரிய நட்சத்திரமாகி, 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளின் படங்களுக்காக ஆஸ்கார் பரிசும் வாங்கினார். ஆனால் கல்யாணமான புதிதில் அவர்கள் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டு வயிற்றைக் கழுவியவர்கள்தான்.

1924 ஜூன் மாதம் அவர்களுக்கு ஜான் என்ற ஆண் பிள்ளை பிறந்தது. அழகான, ஆரோக்கியமான பிள்ளை. பத்து மாதம் வரை ஒரு குறையும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தபோது, தாயின் கைக்குத் தப்பிக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. பிள்ளை அசையவில்லை. தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எழவில்லை. இன்னும் பக்கத்தில் போய்ச் சத்தமாகக் கூப்பிட்டார். அப்போதும் எழவில்லை. கையால் தொட்டதும் கண் விழித்துச் சிரித்தது. அந்த நிமிடமே தாய்க்குப் புரிந்துவிட்டது.

டாக்டர்கள் பார்த்துவிட்டு, இது நரம்புச் செவிடு, மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 1925-ஆம் ஆண்டில் கைக்குழந்தைக்கு மாட்டக்கூடிய காதுக் கருவி எதுவும் இல்லை. காது கேட்காத பிள்ளை பேசாது என்பதுதான் அன்றைக்கு ஊரார் நினைப்பு.

அந்தத் தாய் அழுதார். கணவனிடம் சொல்லக்கூட மனம் வராமல் பல வாரம் உள்ளேயே வைத்துக்கொண்டார். ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. கேட்காத பிள்ளையிடம் பேசத் தொடங்கினார். குளிப்பாட்டும்போது, சட்டை மாட்டும்போது, சோறு ஊட்டும்போது, பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தம் முகத்தை வைத்துக்கொண்டு பேசினார். பிள்ளை உதட்டைப் பார்த்தது. உதட்டின் அசைவுக்கும் கையில் இருக்கும் பொருளுக்கும் சம்பந்தம் உண்டு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டது. ஒரே சொல்லை எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கே கிடையாது. மாதங்கள் போயின, வருடங்கள் போயின. ஜான் உதடு படிக்கக் கற்றான். பிறகு வாய் திறந்து பேசவும் கற்றான்.

சோதனை அதோடு விடவில்லை. சிறு வயதிலேயே ஜானுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் பலவீனமானது. வளர்ந்த பிறகு கண் பார்வையும் மெல்ல மெல்லக் குறைந்தது. காது கேளாமையும் கண் பார்வை மங்குவதும் சேர்ந்து வருகிற இந்த நோய்க்கு 'உஷர்' நோய் என்று பெயர். அது பிறவியிலேயே தாய் தந்தையின் வழி வருவது. இத்தனையும் தாண்டி ஜான் ஓவியம் கற்றார், வால்ட் டிஸ்னி படக் கம்பெனியில் வேலை பார்த்தார், கல்யாணம் செய்து ஒரு மகனுக்குத் தகப்பனும் ஆனார். 2007-இல் தம் 82-ஆவது வயதில்தான் காலமானார். 'ஒன்றும் செய்ய முடியாது' என்று கைவிடப்பட்ட பிள்ளையின் ஆயுள் அது.

தன் பிள்ளையோடு நிறுத்தவில்லை

லூயிஸ் அம்மாளை நாம் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1942-இல், ஜானுக்குப் பதினெட்டு வயதானபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சின்ன வீட்டில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் ஒன்றுகூடினார்கள். எல்லாருமே காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள். லூயிஸ் அம்மாள் தாம் கற்றதை அவர்களுக்குச் சொன்னார். அதுவே 'ஜான் டிரேசி கிளினிக்' என்ற நிலையமாக வளர்ந்தது. பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பது அதன் கொள்கை. பிள்ளையை மட்டும் அழைத்துப் பாடம் நடத்துவது அவர்கள் வழக்கம் அல்ல. பெற்றோருக்குத்தான் முதல் பாடம். ஏனென்றால் பயிற்சியாளர் வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கிறார். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை யாரோடு இருக்கிறது? தாயோடுதானே!

1943-இல் இன்னொரு வேலை தொடங்கினார்கள். நிலையத்துக்கு வர முடியாத தூரத்தில் இருக்கும் பெற்றோருக்குத் தபாலில் பாடம் அனுப்பினார்கள். தாய் பாடத்தைப் படித்து, வீட்டில் செய்து பார்த்து, பிள்ளை என்ன செய்தது என்று கடிதம் எழுதுவார். அங்கிருந்து பதிலும் அடுத்த பாடமும் வரும். இப்படிப் பல நாடுகளுக்குப் பாடம் போனது. பஸ் வசதி குறைந்த நம்மைப் போன்றவர்களுக்கு இதன் அருமை நன்றாகவே விளங்கும்.

கணவர் பேரும் புகழுமாகத் தனியே வாழ்ந்த காலத்திலும் இந்த அம்மாள் தம் வேலையை விடவில்லை. கணவர் 1967-இல் இறந்தார். லூயிஸ் அம்மாள் 1983 நவம்பரில், 87-ஆவது வயதில் இறந்தார். பத்து மாதக் குழந்தை கதவுச் சத்தத்துக்கு எழாத அந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஐம்பத்தெட்டு ஆண்டுகள்.

'அவர்கள் வெள்ளைக்காரர்கள், பணக்காரர்கள், நமக்கு அது நடக்குமா?' என்று சிலர் நினைக்கலாம். நம் ஆட்களுக்கும் இந்த வேலை புதிது அல்ல. நம் முன்னோர் கப்பல் ஏறி வந்த தமிழ்நாட்டிலேயே, திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையில், புளோரன்ஸ் சுவைன்சன் என்ற பெண்மணி காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றும் அந்தப் பள்ளி அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் நாட்டில் 1954-இல் பினாங்கில் காது கேளாதோர் பள்ளி தொடங்கியது. 1995-இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பேச்சுப் பயிற்சிக்கும் காதுச் சோதனைக்கும் பட்டப் படிப்பைத் தொடங்கியது. லூயிஸ் அம்மாளுக்கு அன்று கிடைக்காத கருவியும் பயிற்சியாளரும் இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். நாம் போய்க் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

எந்த வயதில் என்ன வர வேண்டும்?

கீழே சொல்வதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஆயாக்கொட்டகையிலும் ஒன்று ஒட்டுங்கள்.

பிறந்து மூன்று மாதத்துக்குள்: திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். தாய் குரல் கேட்டால் அழுகை அடங்க வேண்டும்.

ஆறு மாதம்: சத்தம் வரும் பக்கம் கண்ணையோ தலையையோ திருப்ப வேண்டும். தானாகக் குரல் எழுப்பி விளையாட வேண்டும்.

ஒன்பது மாதம்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். 'பாபாபா', 'மாமாமா' என்று அடுக்கிச் சொல்ல வேண்டும்.

ஒரு வயது: அம்மா, அப்பா, தாத்தா என்று ஒன்றிரண்டு சொல் பொருளோடு வரும். 'டாட்டா' சொன்னால் கை அசைக்கும்.

ஒன்றரை வயது: பல தனிச் சொற்கள் வர வேண்டும். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும்.

இரண்டு வயது: ஏறக்குறைய ஐம்பது சொற்கள். 'பால் குடு', 'அப்பா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும்.

மூன்று வயது: சின்னச் சின்ன வாக்கியம் பேச வேண்டும். வெளியார் கேட்டாலும் பெரும்பகுதி புரிய வேண்டும்.

ஒரு வாரம் இரண்டு வாரம் முன்பின் ஆனால் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது என்றால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். கடைசியில் சொன்னது மிகவும் முக்கியம். எந்த வயதானாலும், வந்த பேச்சு மறைந்து போனால் உடனே காட்ட வேண்டும்.

காரணங்கள் என்ன?

பேச்சு தாமதிப்பதற்குக் காரணம் பல. முதலில் பார்க்க வேண்டியது காது.

தாய் கர்ப்பமாக இருக்கும்போது ரூபெல்லா அம்மை கண்டால் பிள்ளைக்குச் செவிடு வரலாம். பிறந்தவுடன் மஞ்சள் காமாலை அளவுக்கு மீறி ஏறினால் காது நரம்பு கெடலாம். அதனால்தான் பிறந்த பிள்ளை மஞ்சளாக இருந்தால் 'வெயில்ல காட்டினா சரியாப் போயிடும்' என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. மூளைக் காய்ச்சல், தட்டம்மை, குறைமாதப் பிறப்பு ஆகியவையும் காரணமாகலாம். சளி பிடித்துக் காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும் சக்தி குறையும். இதை மருந்தால் சரிப்படுத்தலாம். 'காதுல சீழ் வர்றது சின்னப் பிள்ளைங்களுக்கு சகஜம்' என்று விட்டுவிடாதீர்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காள் மகள், மாமன் மகள் என்று நெருங்கிய உறவில் கட்டும்போது, இருவர் இரத்தத்திலும் ஒரே குறை மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். பெற்றோர் இருவருக்கும் நன்றாகக் கேட்கும். ஆனால் இருவரிடமிருந்தும் அந்தக் குறை பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் காது கேளாமல் பிறக்கும். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தம் இல்லாதவர்களுக்கும் இப்படி நேரலாம். லூயிஸ் அம்மாள் குடும்பமே அதற்குச் சாட்சி. இது யார் குற்றமும் அல்ல. மருமகள் மேல் பழி போடுவதை மாமியார்மார்கள் நிறுத்த வேண்டும்.

காது நன்றாக இருந்தும் பேச்சு வராத பிள்ளைகளும் உண்டு. மூளை வளர்ச்சிக் குறை, ஆட்டிசம், அண்ணப் பிளவு என்று வேறு காரணங்கள் இருக்கலாம். கண்ணோடு கண் பார்க்காத, எதையும் சுட்டிக் காட்டாத பிள்ளையையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வீட்டிலேயே முதல் சோதனை

பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது அதன் முதுகுப் பக்கம் நாலடி தள்ளி நில்லுங்கள். உங்கள் நிழல் பிள்ளை கண்ணில் படக்கூடாது. தரையைத் தட்டக் கூடாது, கை தட்டிக் காற்று படவும் கூடாது. கரண்டியால் கிண்ணத்தை லேசாகத் தட்டுங்கள். பிறகு மெல்லிய குரலில் பெயரைச் சொல்லுங்கள். வேறு வேறு நாளில் மூன்று நான்கு தடவை செய்து பாருங்கள். திரும்பவில்லை என்றால் காதில் சந்தேகம் உண்டு.

திரும்பிவிட்டால் மட்டும் எல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை. சில பிள்ளைகளுக்குப் பெரிய சத்தம் கேட்கும், பேச்சின் மெல்லிய ஓசை கேட்காது. லோரி சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளைக்கு 'சீப்பு', 'சட்டை' என்ற சொல் விளங்காமல் இருக்கலாம். ஆகவே பேச்சு தாமதம் என்றால் காதுச் சோதனை கட்டாயம்.

தாய் நடத்த வேண்டிய பாடம்

விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடி, செம்பனைக் காட்டில் அலுத்து வரும் தாய்க்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. செய்கிற வேலையோடு வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

1. பிள்ளையின் முகத்துக்கு நேராக வாருங்கள். குனிந்தோ உட்கார்ந்தோ பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

2. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். கோழியைப் பார்த்தால், "கோழி! கோழி வருது. கோழி தீனி தின்னுது." சின்னச் சின்ன வாக்கியம், சாதாரணக் குரல். கத்த வேண்டாம். கத்தினால் உதடு கோணும், ஓசையும் கெடும்.

3. சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பிள்ளை பதில் தர நேரம் வேண்டும். நாமே கேள்வி கேட்டு நாமே பதில் சொன்னால் பிள்ளைக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

4. பிள்ளை அரைகுறையாகச் சொன்னால் திட்டாமல் திருத்திச் சொல்லுங்கள். 'தண்ணி' என்பதை 'தன்னி' என்றால், "ஆமா, தண்ணி வேணுமா? இந்தா தண்ணி" என்று சொல்லுங்கள். 'ஒழுங்காச் சொன்னாதான் கொடுப்பேன்' என்று அடம் பிடித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

5. பிள்ளை கையால் காட்டினால் தடுக்காதீர்கள். கை காட்டுவது பேச்சுக்கு எதிரி அல்ல, பேச்சுக்கு முந்திய படி.

6. குளிப்பாட்டும்போது உடம்பின் பெயர். சோறு ஊட்டும்போது சாப்பாட்டின் பெயர். துணி மடிக்கும்போது யாருடைய சட்டை என்ற பேச்சு. படுக்கும்போது ஒரு தாலாட்டோ கதையோ. ஒரு நாளில் நான்கு பாடம் முடிந்துவிட்டது பாருங்கள்.

7. கைத்தொலைபேசியைப் பிள்ளை கையில் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். இரண்டு வயது ஆகும் வரை திரை வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. தொலைபேசி பேசும், ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லாது.

அப்பாமார்களுக்கும் இது பாடம்தான். வேலை முடிந்து வந்து, கடைக்குப் போவதற்கு முன் கால் மணி நேரம் பிள்ளையோடு பேசுங்கள். ஆயாக்கொட்டகை ஆயாவிடமும் இதையெல்லாம் சொல்லி வையுங்கள். பகல் முழுவதும் பிள்ளை அவரிடம்தானே இருக்கிறது.

செய்யக் கூடாதவை

நாக்கில் வசம்பு தேய்ப்பது, பிறந்த பிள்ளைக்குத் தேன் தடவுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு நோய் வரக்கூடும். காதில் சுட்ட எண்ணெய், தாய்ப்பால், பூண்டுச் சாறு எதையும் ஊற்றாதீர்கள். கோழி இறகாலும் ஊக்காலும் காது குடையாதீர்கள். 'நாக்கு ஒட்டியிருக்கு' என்று கண்டவரிடம் போய் நாக்கின் அடியை வெட்டாதீர்கள். பேச்சே வராத பிள்ளைக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். கோவிலுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. நேர்த்திக்கடன் முடியும் வரை ஆஸ்பத்திரியைத் தள்ளி வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எங்கே போவது?

முதலில் உங்கள் தோட்ட மருந்தகத்திலோ பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலோ சொல்லுங்கள். பிள்ளையின் ஊசிப் புத்தகத்தையும் கொண்டு போங்கள். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரி உண்டு. வடக்கே இருப்பவர்களுக்குச் சபாக் பெர்ணம் ஆஸ்பத்திரி. அங்கிருந்து தேவைப்பட்டால் சுங்கை பூலோ, கிள்ளான் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். காதுச் சோதனைக்கு 'அவுடியோலோஜி' என்றும், பேச்சுப் பயிற்சிக்குத் 'தெராபி பெர்துதுரான்' என்றும் கேளுங்கள். 'கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று யாராவது திருப்பி அனுப்பினால், "காதை மட்டும் ஒரு தடவை சோதிச்சுடுங்க ஐயா" என்று பணிவோடு ஆனால் விடாமல் கேளுங்கள்.

புதிதாகப் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு இதுதான்: ஒரு மாதத்துக்குள் காதுச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். ஒன்று, மூன்று, ஆறு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை உறுதியானால் சமூக நலத் துறையில், அதாவது கெபாஜிக்கான் அலுவலகத்தில், ஓ.கே.யு. அட்டைக்குப் பதியுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அட்டை இருந்தால்தான் பல உதவிகளின் கதவு திறக்கும். பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு நிலையங்களைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். இந்தத் திட்டம் 1984-இல் திரெங்கானுவில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. பள்ளி வயது வந்ததும் சிறப்புக் கல்வி வகுப்புக்கு எழுதிப் போடுங்கள். குறையுள்ள பிள்ளை என்று எந்தப் பள்ளியும் தள்ளக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் பல தடவை போக வேண்டியிருக்கும். விடுப்பு கேட்பதில் சிக்கல் வந்தால், சந்திப்பு அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் கிளைச் செயலாளரைப் பாருங்கள். சங்கம் சம்பளத்துக்கு மட்டும் அல்ல.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேள்வி: வீட்டில் தமிழ், வெளியே மலாய், டிவியில் இங்கிலீஷ். மூன்று மொழி கலந்ததால்தான் பிள்ளை குழம்பிப் பேசவில்லையா?

பதில்: இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு வராமல் போகாது. தமிழை விட்டுவிட்டுத் தெரியாத மொழியில் திக்கித் திணறிப் பேசுவதுதான் தப்பு. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கதை சொல்லவும் வருமோ, அந்த மொழியில் பேசுங்கள்.

கேள்வி: காதுக் கருவி மாட்டினால் உடனே பேசிவிடுமா?

பதில்: பேசாது. கருவி சத்தத்தை உள்ளே அனுப்பும். அதற்கு அர்த்தம் சொல்லிக் கொடுப்பது நீங்கள். முழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்ட வேண்டும். 'தொலைஞ்சு போயிடும்' என்று அலமாரியில் பூட்டி வைத்தால் பயன் இல்லை. வியர்வை, மழை படாமல் இரவில் உலர்ந்த டப்பாவில் வையுங்கள். அதன் சின்ன பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள். கருவி போதாத சில பிள்ளைகளுக்கு அறுவை செய்து உள்ளே பொருத்தும் கருவியும் உண்டு. அதைக் காது டாக்டர் முடிவு செய்வார்.

கேள்வி: சைகை மொழி கற்றால் பிள்ளை வாய் திறக்காமலே போய்விடும் என்கிறார்களே?

பதில்: லூயிஸ் அம்மாள் காலத்தில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். அவருடைய நிலையமும் வாய்ப் பேச்சு வழியில்தான் நடந்தது. இன்றைக்கு நமக்குத் தெரியும், சைகை மொழியும் முழுமையான மொழிதான். மலேசியச் சைகை மொழியை 2008-ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டமே காது கேளாதோரின் மொழியாக ஏற்றிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு வாய்ப் பேச்சா, சைகையா, இரண்டுமா என்பதைப் பயிற்சியாளரோடு பேசி முடிவெடுங்கள். எந்த மொழியும் இல்லாமல் பிள்ளையை விடுவதுதான் பாவம்.

கேள்வி: என் பிள்ளைக்கு ஆறு வயது ஆகிவிட்டது. இனிமேல் போய் என்ன?

பதில்: போங்கள். சீக்கிரம் போனால் நிறையக் கிடைக்கும். தாமதித்தால் குறைவாகக் கிடைக்கும். ஆனால் ஒன்றும் கிடைக்காது என்ற வயது கிடையாது.

தாய்மார்களே! பேச்சு என்பது பிள்ளைக்கு நாம் கொடுக்கும் சொத்து. நிலமும் வீடும் நம்மால் கொடுக்க முடியாமல் போகலாம். இந்தச் சொத்தைக் கொடுக்கக் காசு தேவையில்லை. கண்ணும் வாயும் பொறுமையும் போதும். உங்கள் லயத்தில், உங்கள் தாமானில், பேச வேண்டிய வயதில் பேசாத பிள்ளை ஒன்று இருந்தால், அதன் தாயிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் சேர்த்துப் படியுங்கள். அடுத்த வாரமே காதுச் சோதனைக்கு நாள் வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் பிள்ளைகளின் காதில் சீழ் வடிவதைப் பற்றி விரிவாகப் பார்ப்போம்.